டெலிகாம் பங்கில் டிவிடெண்டை நம்பலாமா? அலைக்கற்றைச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடும் முழுமையான வழிகாட்டி

நெதர்லாந்தின் கேபிஎன் என்ற டெலிகாம் நிறுவனம் ஒரு காலத்தில் தாராளமாக டிவிடெண்ட் (பங்குதாரருக்கு நிறுவனம் பிரித்துத் தரும் பணம்) தரும் பங்கு என்று பெயரெடுத்திருந்தது. 2012 டிசம்பரில் அந்நாட்டு அலைக்கற்றை ஏலம் முடிந்தபோது அரசுக்கு மொத்தம் 380 கோடி யூரோ கிடைத்தது. அதில் கேபிஎன் கட்டியது 135 கோடி யூரோ. அந்த ஆண்டுக்கான இறுதி டிவிடெண்டை நிறுவனம் ரத்து செய்தது. 2013 பிப்ரவரியில் 400 கோடி யூரோ புதிய மூலதனம் திரட்டப் போவதாக அறிவித்தது. டிவிடெண்ட் வாங்கிக்கொண்டிருந்த பங்குதாரர்கள், சில வாரங்களில் நிறுவனத்துக்குப் பணம் போட வேண்டியவர்களாக மாறினார்கள்.

டெலிகாம் பங்கை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் டிவிடெண்ட் யீல்டைப் (பங்கு விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவிகிதம் என்பதை) பார்க்கிறார்கள், லாபத்தைப் பார்க்கிறார்கள், கடனையும் ஓரளவு பார்க்கிறார்கள். அலைக்கற்றைக்கான பணம் இந்த மூன்றிலும் முழுதாகத் தென்படாது. அது எப்போதோ ஒருமுறை வரும் செலவு என்று ஒதுக்கிவைப்பதுதான் இத்துறையில் சிறு முதலீட்டாளர்கள் செய்யும் பெரிய பிழை. உரிமம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பம் வந்தால் புதிதாக வாங்க வேண்டும். அலைக்கற்றை என்பது டெலிகாம் நிறுவனத்தின் வாடகை. பத்தாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுவதால் அது வாடகை இல்லை என்று ஆகிவிடாது.

படி 1: செலவு எங்கே மறைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏலத்தில் கட்டும் பணம் லாப நட்டக் கணக்கில் அந்த ஆண்டின் செலவாக வராது. இருப்புநிலைக் குறிப்பில் ‘தொட்டுணர முடியாத சொத்து’ என்று ஏறும். பிறகு உரிமக் காலமான 15 அல்லது 20 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கப்படும். எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம், இந்தக் கழிவு ஆகியவற்றுக்கு முந்தைய லாபம். ஆகவே ஆயிரம் கோடிக்கு அலைக்கற்றை வாங்கினாலும் எபிட்டா அசையாது.

இன்னும் இரண்டு மறைவிடங்கள் உண்டு. வாங்கிய அலைக்கற்றையில் சேவை தொடங்கும் வரை, அதற்காக வாங்கிய கடனின் வட்டியைச் செலவில் காட்டாமல் சொத்தின் மதிப்போடு சேர்க்கக் கணக்கியல் விதிகள் இடம் தருகின்றன. சேவை தொடங்கிய காலாண்டில் வட்டிச் செலவு திடீரென்று உயர்வது இதனால்தான். அமெரிக்க நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தங்கள் உரிமங்களை முடிவற்ற ஆயுள் கொண்ட சொத்தாகக் கருதுகின்றன. அங்கே ஆண்டுக் கழிவுகூடக் கிடையாது, லாபத்தில் அதன் சுவடே இருக்காது.

எனவே ஆண்டறிக்கையைத் திறந்ததும் ரொக்கப் பாய்வு அறிக்கைக்குப் போங்கள். ‘முதலீட்டு நடவடிக்கைகள்’ பகுதியில் உரிமங்கள் அல்லது தொட்டுணர முடியாத சொத்துகள் வாங்கியது என்ற வரி இருக்கும். தவணையில் கட்டியிருந்தால் அது ‘நிதி நடவடிக்கைகள்’ பகுதியில், கடன் திருப்பிச் செலுத்தியது என்ற பெயரில் கிடக்கலாம். இரண்டையும் பார்க்காவிட்டால் பாதிதான் கிடைக்கும்.

நிர்வாகம் தரும் விளக்கத் தாள்களில் ‘மூலதனச் செலவு, அலைக்கற்றை நீங்கலாக’, ‘ஃப்ரீ கேஷ்ஃப்ளோ, அலைக்கற்றை நீங்கலாக’ என்ற சொற்களைத் தேடுங்கள் (ஃப்ரீ கேஷ்ஃப்ளோ என்பது செலவுகளெல்லாம் போகக் கையில் மிஞ்சும் ரொக்கம்). அந்த ‘நீங்கலாக’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: பத்தாண்டுக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கடந்த பத்து ஆண்டறிக்கைகளிலிருந்து அலைக்கற்றைக்குக் கட்டிய ரொக்கத்தை எடுத்துக் கூட்டி, பத்தால் வகுங்கள். அதுதான் ஓர் ஆண்டின் சராசரி அலைக்கற்றைச் செலவு.

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். எண்கள் எல்லாம் கோடியில்.

வருமானம் 10,000. எபிட்டா 4,000.
கோபுரங்கள், கட்டடங்களுக்கான குத்தகைப் பணம் 500. இதைக் கழித்தால் 3,500.
மூலதனச் செலவு 1,700. வட்டி 500. வரி 350. நடைமுறை மூலதனத்தில் முடங்கியது 50.
மிஞ்சும் ஃப்ரீ கேஷ்ஃப்ளோ 900.
டிவிடெண்ட் 720. அதாவது 80%.

நிர்வாகம் இதைத்தான் காட்டும். ‘நூறு ரூபாய் வந்தால் எண்பதுதான் தருகிறோம், இருபது கையில் இருக்கிறது’ என்று சொல்லும். இப்போது பத்தாண்டு ஏட்டைப் புரட்டுகிறோம். மூன்றாம் ஆண்டில் ஓர் ஏலம், 1,200. எட்டாம் ஆண்டில் இன்னொன்று, 1,800. மொத்தம் 3,000, ஆண்டுக்கு 300. அதையும் கழித்தால் உண்மையில் மிஞ்சுவது 600. டிவிடெண்டோ 720. பாதுகாப்பானதாகத் தெரிந்த 80%, இப்போது 120% ஆகிவிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 120 கோடி கடன் வாங்கித்தான் பங்குதாரருக்குக் கொடுக்கப்படுகிறது. ஏலம் இல்லாத ஆண்டுகளில் யாருக்கும் இது தெரியாது. ஏல ஆண்டில் கடன் ஒரேயடியாக எகிறும்போதுதான் தெரியும்.

இந்த 600-ஐ நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பால் வகுங்கள். சந்தை மதிப்பு 9,000 என்றால் டிவிடெண்ட் யீல்டு 8%. அலைக்கற்றைக்குப் பிந்தைய யீல்டு 6.7%. இந்த இரண்டாவது எண்தான் நிறுவனத்தால் தாங்கக்கூடியது. முதல் எண் இரண்டாவதைவிடப் பெரியதாக இருக்கும் வரை அந்த டிவிடெண்ட் ஆபத்தில்தான் இருக்கிறது.

எபிட்டாவிலிருந்து குத்தகையைக் கழிக்க மறக்காதீர்கள். 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி, கோபுர வாடகை இயக்கச் செலவிலிருந்து நீங்கி, தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறிவிட்டது. கோபுரங்களை விற்றுவிட்டுத் திரும்ப வாடகைக்கு எடுத்த நிறுவனங்களில் இந்தத் தொகை பெரியது. விற்ற பணம் ஒருமுறைதான் வரும், வாடகை ஆண்டுதோறும் போகும்.

இன்னொரு சிறு எச்சரிக்கை: நிகர லாபத்தில் எத்தனை சதவிகிதம் டிவிடெண்ட் தருகிறார்கள் என்ற விகிதம் இத்துறையில் அதிகம் உதவாது. தேய்மானம் பெரிதாக இருப்பதால் லாபம் சுருங்கித் தெரியும், நல்ல நிறுவனம்கூட 100 சதவிகிதத்தைத் தாண்டும். ரொக்கத்தை மட்டும் நம்புங்கள்.

படி 3: தவணை பாக்கியைக் கடனோடு சேருங்கள்

சில நாடுகளில் ஏலத் தொகையை உடனே கட்டத் தேவையில்லை. இந்தியாவின் 2022 5ஜி ஏலத்தில் மொத்தத் தொகை சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய். அதை 20 சம ஆண்டுத் தவணைகளாக, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும், 7.2% வட்டியோடு கட்டலாம் என்று விதி. நூறு ரூபாய்க்கு எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 8.94 ரூபாய். இருபது ஆண்டில் கட்டி முடிப்பது ஏறக்குறைய 179 ரூபாய். ‘தவணைதானே’ என்று இலகுவாக நினைக்க இதில் இடமில்லை.

இந்த பாக்கியைச் சில நிறுவனங்கள் நிகரக் கடனில் (கையிருப்பு ரொக்கம் போக உள்ள கடனில்) சேர்க்கின்றன, சில தனியாகக் காட்டுகின்றன. நீங்கள் எப்போதும் சேருங்கள். மேலே சொன்ன கற்பனை நிறுவனத்தின் நிகரக் கடன் 10,000 என்றால் குத்தகைக்குப் பிந்தைய எபிட்டாவைப் போல 2.86 மடங்கு. அதற்கு வெளியே 3,000 கோடி தவணை பாக்கி இருந்தால் 3.71 மடங்கு. இரண்டும் ஒரே நிறுவனம்தான்.

அதே கையோடு ‘தற்செயல் பொறுப்புகள்’ என்ற குறிப்பையும் படித்துவிடுங்கள். நீதிமன்றத்தில் இருக்கும் உரிமக் கட்டண வழக்குகள் அங்கேதான் கிடக்கும். இந்தியாவில், உரிமக் கட்டணத்தை எந்த வருவாயின் மேல் கணக்கிடுவது என்ற ஏஜிஆர் (சரிக்கட்டிய மொத்த வருவாய்) வழக்கு பல ஆண்டுகள் அப்படி ஒரு குறிப்பாகக் கிடந்தது. 2019 அக்டோபர் 24-ல் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் நிறுவனங்கள் மேல் பெருந்தொகை வந்து விழுந்தது. வோடஃபோன் ஐடியா, அலைக்கற்றைத் தவணை உட்பட அரசுக்கான நிலுவையில் ஒரு பகுதியைப் பங்காக மாற்றி அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 2023-ல் 16,133 கோடி ரூபாய், 2025-ல் 36,950 கோடி ரூபாய். இரண்டாவது மாற்றத்துக்குப் பின் அரசின் பங்கு ஏறக்குறைய 49%. பழைய பங்குதாரர்களின் பங்கு அந்த அளவுக்கு நீர்த்துப்போனது. டிவிடெண்ட் வெட்டைவிடக் கொடியது இது. வெட்டிய டிவிடெண்ட் திரும்ப வரலாம், நீர்த்துப்போன பங்கு திரும்பாது.

படி 4: உரிமக் காலண்டர் தயாரியுங்கள்

ஒரு தாளில் நான்கு பத்தி போதும்: அலைவரிசை, எத்தனை மெகாஹெர்ட்ஸ், உரிமம் முடியும் ஆண்டு, கடைசியாகக் கொடுத்த விலை. இந்த விவரம் ஆண்டறிக்கையின் சொத்துக் குறிப்புகளிலோ, நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆவணங்களிலோ இருக்கும்.

700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ் அலைவரிசைகள் தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும், அதனால் விலை அதிகம். 3.5 கிகாஹெர்ட்ஸ் ஒட்டிய நடு அலைவரிசைதான் 5ஜியின் முதுகெலும்பு. 26 கிகாஹெர்ட்ஸ் போன்றவை வேகம் தரும், ஆனால் சில நூறு மீட்டர்தான் போகும், விலையும் குறைவு. தாழ் அலைவரிசை உரிமம் இரண்டு மூன்று ஆண்டுக்குள் முடியப் போகிறது என்றால் நிறுவனத்துக்குப் பேரம் பேச இடமில்லை. இருக்கும் சேவையைக் காப்பாற்ற என்ன விலையானாலும் வாங்கியாக வேண்டும்.

ஒப்பிட ஒரே அளவுகோல், ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு நபருக்கு என்ன விலை என்பது. 5 கோடி மக்கள் உள்ள நாட்டில் 20 மெகாஹெர்ட்ஸை 100 கோடிக்கு வாங்கினால், 100-ஐ 20 பெருக்கல் 5-ஆல் வகுக்க, விலை 1. முந்தைய ஏலத்தில் இந்த விலை என்ன, அண்டை நாட்டில் என்ன என்று பார்த்து, அதையே வரும் ஏலத்துக்கு வைத்து உத்தேசத் தொகையைப் போடுங்கள். நாடுகளை ஒப்பிடும்போது உரிமக் காலம் ஒன்றுதானா என்றும் பாருங்கள். 10 ஆண்டு உரிமத்தையும் 20 ஆண்டு உரிமத்தையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

படி 5: ஏல விதிகளை ஏலத்துக்கு முன்பே படியுங்கள்

விலையைத் தீர்மானிப்பது அலைக்கற்றையின் மதிப்பைவிட ஏலத்தின் அமைப்புதான். ஒழுங்குமுறை ஆணையம் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும்போதே படித்தால், ஏலத்துக்குப் பல மாதங்கள் முன்பே ஆபத்து புரிந்துவிடும்.

முதலில், எத்தனை துண்டு, எத்தனை போட்டியாளர்? பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டு 3ஜி ஏலத்தில் ஐந்து உரிமங்கள். நான்கு பழைய நிறுவனங்கள் இருந்தன, ஆனால் ஓர் உரிமம் புதியவருக்கென ஒதுக்கப்பட்டது. 13 பேர் மோதினார்கள், 150 சுற்று நடந்தது, சுமார் 2,250 கோடி பவுண்டில் முடிந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் சுமார் 5,000 கோடி யூரோ. அங்கே உரிமம் வென்ற ஆறு நிறுவனங்களில் இரண்டு கடைசிவரை 3ஜி சேவையைத் தொடங்கவே இல்லை.

அடுத்து, துண்டுகள் சமமா? இத்தாலியின் 2018 ஏலத்தில் 3.7 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 80, 80, 20, 20 மெகாஹெர்ட்ஸ் என்று பிரித்தார்கள். பெரிய துண்டு இரண்டே இரண்டு. அது கிடைக்காதவர் 5ஜியில் பின்தங்குவார் என்ற பயத்தில் விலை ஏறி, மொத்த ஏலம் 655 கோடி யூரோவில் முடிந்தது. டெலிகாம் இத்தாலியாவும் வோடஃபோனும் ஆளுக்குச் சுமார் 240 கோடி யூரோ கட்டின.

புதியவருக்கு ஒதுக்கீடு உண்டா என்பது தனியாகக் கவனிக்க வேண்டிய கேள்வி. ஏல விலை ஒருமுறை வலிக்கும், புதிய போட்டியாளர் ஒவ்வொரு மாதமும் வலிப்பார். பிரான்சில் 2012 ஜனவரியில் ஃப்ரீ நிறுவனம் மாதம் 2 யூரோ, 19.99 யூரோ திட்டங்களோடு மொபைல் சேவைக்குள் நுழைந்தது. 2011-க்கு 1.40 யூரோ டிவிடெண்ட் தந்த பிரான்ஸ் டெலிகாம், 2012-க்கு 0.78 யூரோதான் தந்தது. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு ஏர்செல் திவால் மனு போட்டது, வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன.

நல்ல செய்தியும் சில நேரம் இங்கேதான் கிடைக்கும். ஜெர்மன் ஆணையம் 2025 மார்ச்சில் 800, 1800, 2600 மெகாஹெர்ட்ஸ் உரிமங்களை ஏலம் விடாமல் ஐந்து ஆண்டு நீட்டித்தது. பதிலுக்குக் கூடுதல் பரப்புக்குச் சேவை தர வேண்டும் என்று நிபந்தனை. ஏலப் பணம் மிச்சம், மூலதனச் செலவு கூடும். ஆனாலும் பங்குதாரருக்கு இது மேல்.

படி 6: கடன் வரம்பை மோதிப் பாருங்கள்

பெரும்பாலான நிறுவனங்கள் நிகரக் கடன் எபிட்டாவைப் போல 2.5 முதல் 3 மடங்குக்குள் இருக்கும் என்பதுபோல ஓர் இலக்கைச் சொல்லும். உத்தேச ஏலத் தொகையை அதன்மேல் ஏற்றுங்கள். நம் கற்பனை நிறுவனத்துக்கு 2,000 கோடி ஏலம் வந்தால் கடன் 12,000, அதாவது 3.43 மடங்கு. அதன் இலக்கு 3 என்றால் கீழே இறங்க 1,500 கோடி வேண்டும். டிவிடெண்டைப் பாதியாக்கினால் ஆண்டுக்கு 360 கோடி மிச்சமாகும். நிர்வாகம் போடும் கணக்கும் இதுதான்.

பிரிட்டனின் வோடஃபோன் கதையில் எச்சரிக்கை மணி முன்கூட்டியே அடித்தது. ஆண்டுதோறும் டிவிடெண்டை உயர்த்துவோம் என்ற கொள்கையை 2018 நவம்பரில் கைவிட்டு, கடன் இலக்கின் கீழ் எல்லைக்கு வரும்வரை அப்படியே வைத்திருப்போம் என்றது. ஆறே மாதம். 2019 மே மாதம் 15.07 யூரோ சென்ட், 9 சென்ட் ஆனது. 2024-ல் அதையும் பாதியாக்கி 4.5 சென்ட் என்று அறிவித்தது.

நிர்வாகத்தின் சொல் மாறும்போது அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ‘உயர்த்துவோம்’ என்பது ‘தக்கவைப்போம்’ ஆனால் அது முதல் மணி. ‘சூழலைப் பொறுத்து வாரியம் முடிவெடுக்கும்’ என்றால் இரண்டாவது. ரொக்கத்துக்குப் பதில் பங்காக டிவிடெண்ட் வாங்கிக்கொள்ளலாம் என்று புதிதாக வாய்ப்பு கொடுத்தால் மூன்றாவது. மூன்றாவது மணிக்குப் பிறகும் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

ஏலத்துக்கு முன்பே வெட்டுகிறவர்களும் உண்டு. ஜெர்மனியின் 1&1 டிரில்லிஷ், சொந்த வலையமைப்புக்காக 2019 ஏலத்தில் இறங்கியபோது, டிவிடெண்டை 1.60 யூரோவிலிருந்து 5 சென்ட்டாகக் குறைத்தது. பங்குதாரருக்கு வலிதான். கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுத்து, கடைசியில் வேறு வழியின்றி புதிய பங்கு வெளியிடுவதைவிட இது நேர்மையான வழி.

படி 7: டிவிடெண்ட் தப்பினாலும் விலை தப்புமா?

2021-ல் முடிந்த அமெரிக்காவின் சி-பேண்ட் (நடு அலைவரிசை) ஏலம் சுமார் 8,100 கோடி டாலர். வெரைசன் மட்டும் சுமார் 4,550 கோடி டாலர், ஏடி&டி சுமார் 2,340 கோடி டாலர். ஏடி&டி, ஊடகப் பிரிவைப் பிரித்த கையோடு 2022-ல் ஆண்டு டிவிடெண்டை 2.08 டாலரிலிருந்து 1.11 டாலராக இறக்கியது. வெரைசன் குறைக்கவில்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது: 2020-ல் அதன் ஃப்ரீ கேஷ்ஃப்ளோ சுமார் 2,360 கோடி டாலர், டிவிடெண்டுக்குப் போனது ஏறக்குறைய 1,020 கோடி. பாதிக்கும் குறைவு, அதனால் ஏலத்தைத் தாங்க இடமிருந்தது.

ஆனால் 2020 இறுதியில் 58 டாலருக்கு மேல் இருந்த வெரைசன் பங்கு 2023 அக்டோபரில் 30 டாலரை ஒட்டி இறங்கியது. கடன் ஏறிய நேரத்தில் வட்டி விகிதமும் ஏறியது. பாதுகாப்பான அரசுப் பத்திரமே 5% தரும்போது, டெலிகாம் பங்கின் யீல்டு அதற்கு மேல் கணிசமாக இருந்தால்தான் வாங்குவார்கள். அப்படி யீல்டு உயர விலைதான் இறங்க வேண்டும். எனவே அலைக்கற்றைக்குப் பிந்தைய யீல்டு, பத்தாண்டு அரசுப் பத்திரத்தைவிடக் குறைந்தது 2 அல்லது 3 சதவிகிதப் புள்ளி கூடுதலாக இருக்கும் விலையில் மட்டும் வாங்குங்கள்.

படி 8: வாங்கும் முறை

போட நினைத்த தொகையை மூன்றாகப் பிரியுங்கள். ஏல விதிகள் வெளியாகி, உங்கள் கணக்கில் டிவிடெண்ட் தேறினால் முதல் பகுதி. ஏல முடிவு வந்து, கட்டிய தொகை உங்கள் உத்தேசத்துக்குள் இருந்தால் இரண்டாவது. அடுத்த காலாண்டு முடிவில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைக்கும் சராசரி வருவாய், அதாவது ஆர்பு, குறையாமல் இருந்தால் மூன்றாவது. ஒரு டெலிகாம் பங்கில் மொத்த முதலீட்டில் 5 சதவிகிதத்துக்கு மேல் போக வேண்டாம்.

எக்ஸ்-டிவிடெண்ட் தேதிக்கு (அன்று முதல் வாங்குகிறவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காது) முதல் நாள் அவசரமாக வாங்குவதில் லாபமில்லை. மறுநாள் விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்குக் குறையும், வந்த டிவிடெண்டுக்கு வரி வேறு. வெளிநாட்டுப் பங்கு என்றால் அந்த நாடு டிவிடெண்டில் பிடிக்கும் வரியைக் கழித்த பிறகே யீல்டைக் கணக்கிடுங்கள்.

படி 9: வைத்திருக்கும்போது

அரையாண்டுக்கு ஒருமுறை நான்கு எண்களைப் புதுப்பித்தால் போதும்: அலைக்கற்றைக்குப் பிந்தைய ஃப்ரீ கேஷ்ஃப்ளோ, அதில் டிவிடெண்டின் சதவிகிதம், தவணை பாக்கி சேர்த்த கடன் மடங்கு, ஆர்பு. டிவிடெண்ட் 90 சதவிகிதத்தைத் தாண்டினால் புதிதாக வாங்குவதை நிறுத்துங்கள். அது 100-ஐத் தாண்டி, அடுத்த இரண்டு ஆண்டுக்குள் தாழ் அலைவரிசை உரிமமும் முடிகிறது என்றால் பாதியை விற்றுவிடுங்கள். மீதிப் பாதியை ஏலத் தேதி அறிவிக்கப்படும் வரை வைத்திருக்கலாம். தேதி வந்த அன்று படி 5-ன் கேள்விகளை மறுபடி போட்டுப் பாருங்கள். புதியவருக்கு ஒதுக்கீடு என்று ஒரு வரி அந்த விதிகளில் இருந்தால் அந்த மீதிப் பாதியையும் விற்றுவிடுங்கள்.